எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தவள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சலித்துக்கொள்வார். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மலையேறிப் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு உதவி ஆசிரியை வேலை கிடைத்தபோது, வாயை ஹட்டனிலேயே வைத்துவிட்டுப் போகும்படி அப்பா புத்தி சொன்னார். நான் அதையும் பெட்டியோடு தூக்கிக்கொண்டுதான் போனேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீள மண்டபம். ஐந்து வகுப்பும் அதற்குள்தான். பெரிய வாத்தியார் ஒருவர், நான் ஒருத்தி. சத்தம் கேட்டால்தான் அது பள்ளிக்கூடம் என்பது பெரிய வாத்தியாரின் உறுதியான எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா கீழே ரோட்டில் போகும்போது பிள்ளைகளின் குரல் கேட்காவிட்டால், வாத்தியார் தூங்குகிறார் என்று துரையிடம் போட்டுக்கொடுத்துவிடுவார். அதனால் காலையிலிருந்து மாலைவரை பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடம் சொல்வார்கள். மழை வந்து தகரத்தில் அறைந்தால் அதற்கும் மேலே கத்துவார்கள்.

எல்லாருக்கும் புத்தகம் இருந்ததில்லை. ஒரு சாக்கைத் தரையில் விரித்து, அதன் நடுவில் ஒரு வாசிப்புப் புத்தகத்தை வைத்து, அதைச் சுற்றி ஆறேழு பிள்ளைகள் உட்கார்வார்கள். ஒருவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து சொல்வார்கள். ஒரு வருடத்தில் புத்தகம் முழுவதும் மனப்பாடமாகிவிடும். பரீட்சை பார்க்க வரும் அதிகாரியும் பக்கத்தைத் திறந்து காட்டுவார், பிள்ளைகளும் விரலை ஓட்டிக்கொண்டே ஒப்பிப்பார்கள், அவரும் திருப்தியாகத் தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பெரிய வாத்தியார் மண்டபத்தின் கடைசிச் சாக்கை எனக்குக் காட்டினார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னால் கால்களை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போனால் வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டவர்கள், மாடு மேய்க்கப் போனவர்கள், காய்ச்சலில் ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள். யாருக்கும் வாசிக்க வராது.

"இதுகளுக்கு இனிமே எழுத்து ஏறாதுங்க டீச்சர். சும்மா உக்கார வச்சிருங்க. அடுத்த வருசம் பேர் பதிஞ்சிருவாங்க" என்றார் பெரிய வாத்தியார். பேர் பதிவது என்றால் தோட்டத்து வேலையாளாகச் சேர்ப்பது.

அவர் கெட்டவர் இல்லை. அந்த மண்டபத்தில் ஒற்றை ஆளாகப் பல வருடம் கத்திக் கத்திக் களைத்துப் போனவர். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏறுகிறதா இல்லையா என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிப் பார்ப்பது என்று யோசித்தேன்.

முதல் நாள் அவர்களை வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் பாடத்தைக் கடகடவென்று சொன்னார்கள். பாடத்தின் நடுவில் ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்து இது என்ன என்றேன். சாக்கு முழுவதும் வாயடைத்துப் போனது. பிறகு ஒரு பையன் பாடத்தை முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த வார்த்தை வரும் இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் சத்தமாகச் சொன்னான். அவன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்களில் ஒருத்தியால் இதைக்கூடச் செய்ய முடியவில்லை. பதின்மூன்று வயது, ஒல்லி, எப்போதும் இடுப்பில் ஒரு தம்பி. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் அழுது ஊரைக் கூட்டுவான் என்பதால் அவனையும் தூக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் வருவாள். புத்தகத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, அமைதியாகத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதைக் குறும்பு என்று நினைத்துப் புத்தகத்தை வெடுக்கென்று நேராக்கினேன். அந்நிய வீட்டு வாசலில் நிற்பவள்போல அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஒரு எழுத்துகூட வாயில் வரவில்லை.

சில நாள் கழித்து நல்ல மழை. நான் மேசையில் ஹட்டனிலிருந்து வந்த வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தேன். தம்பிக்கு உடம்பு சுடுகிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்க அவள் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். நான் கவனிக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் அவள் என் பத்திரிகையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொல்வது காதில் விழுந்தது. தொடர்கதையின் ஒரு வரி. எழுத்துக் கூட்டி, திக்கித் திக்கி, ஆனால் சரியாக வாசித்தாள். அந்தத் தோட்டத்தில் அந்தப் பத்திரிகையை என்னைத் தவிர யாரும் பார்த்திருக்க முடியாது. அது மனப்பாடம் இல்லை.

பரபரப்பில் பத்திரிகையை அவள் பக்கம் திருப்பி, மேலே வாசி என்றேன். திருப்பியதும் நின்றுவிட்டாள். மறுபடி என் பக்கமே திருப்பி வைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தலைகீழாகத் தெரிந்த அடுத்த வரியை வாசித்தாள்.

விசாரித்தபோது விஷயம் விளங்கியது. அவள் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது இடுப்பில் இந்தத் தம்பிக்கு முந்திய ஒரு தங்கை இருந்தது. புத்தகத்துக்கு நேரே உட்கார்ந்தால் பிள்ளை பக்கத்தைக் கிழித்துவிடும் என்று அப்போதிருந்த ஆசிரியர் அவளைச் சாக்கின் எதிர்ப்பக்கத்தில், கைக்கெட்டாத தூரத்தில் உட்கார வைத்திருக்கிறார். தங்கை வளர்ந்து தம்பி வந்தான். இடம் மட்டும் மாறவே இல்லை. எழுத்துகளை அவள் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான். மற்றவர்கள் பாட்டாகக் கற்றபோது, இவள் ஒருத்தி உண்மையாகவே வாசிக்கக் கற்றிருந்தாள், ஆனால் தலைகீழாக. அதை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எல்லாருக்கும் எழுத்து அப்படித்தான் தெரிகிறது, தனக்கு மட்டும் புத்தி போதாது என்று நினைத்திருக்கிறாள்.

பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அட பாவமே என்றார்.

அந்த மாதமே அவள் அப்பா பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்து, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தீபாவளிக்குப் பிறகு மகளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புவதாகவும், ஆள் வந்து கூட்டிப் போவதாகவும் சொல்லி, பள்ளிக்கூடத்துப் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். நான் என் நீள வாயால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வயிறுகள் இத்தனை என்று அவர் கையை விரித்துக் காட்டினார்.

அந்தத் தோட்டத்தில் கொழும்பு என்றால் எல்லாருக்கும் ஒரு பிள்ளை ஞாபகம் வரும். மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து சில வருடம் முன்பு அப்படிப் போனவள். வேலை செய்த வீடு மாறியதும் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு ஊர்ப்பேர் சொல்லத் தெரியும், ஆனால் தோட்டத்துக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் தமிழ்ப் பேர்தான் தெரியும். துரைமார் எழுதிவைத்த பேர் வேறு. கொழும்பில் அந்தத் தமிழ்ப் பேரை யார் கண்டார்கள்? எந்த ஸ்டேஷன் என்று சொல்ல அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் றொசல்ல ஸ்டேஷனுக்கு இறங்கிப் போய் ரயில் பார்த்துவிட்டு வருவார்.

அப்பா வந்துபோன மறுநாள், எல்லாரும் போன பிறகு இவள் மட்டும் நின்றாள்.

"டீச்சர், எறங்குற எடத்த நான் படிக்கணுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஸ்டேசன் போர்ட திருப்பிப் பிடிக்க முடியாதுங்களே" என்றாள்.

மறுநாளே அவளோடு கடைசிச் சாக்கில் உட்கார்ந்தேன்.

புத்தகத்தைத் திருப்பினால் அவள் மிரண்டுவிடுகிறாள். அதனால் நான் புத்தகத்தைத் தொடவில்லை, அவளை நகர்த்தினேன். சாக்கின் நடுவில் புத்தகம், இந்தப் பக்கம் நான், எதிரே அவள். கொஞ்ச நாள் அப்படியே வாசிக்க விட்டேன். பிறகு ஒரு முழம் தள்ளி உட்காரச் சொன்னேன். எழுத்துகள் சாய்ந்தன. அவளும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வாசித்தாள். சாய்ந்த எழுத்து பழகியதும் இன்னொரு முழம். சில நாள் ஒன்றும் பிடிபடாமல் அழுவாள், பழைய இடத்துக்கே ஓடிவிடுவாள், நானும் கத்துவேன். புரட்டாசி மழை தொடங்கும் நேரத்தில் அவள் சாக்கைப் பாதி சுற்றி வந்து என் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தாள். புத்தகம் அப்போது எங்கள் இருவருக்கும் நேராக இருந்தது. தம்பி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து சாக்கு நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

மற்றப் பிள்ளைகளையும் விடவில்லை. மனப்பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் அவர்கள் அறிந்த பேர்களைப் பெரிதாக எழுதினேன். சாமி பேர், மலை பேர், கடை பேர். அவளுக்காக ஸ்டேஷன் பேர்கள்: நாவலப்பிட்டி, வட்டவளை, றொசல்ல, ஹட்டன். ஹட்டன் வந்துவிட்டால் தாண்டி வந்துவிட்டாய் என்று அர்த்தம், இறங்கித் திரும்பி நட என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் கேட்டு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். மூன்று மொழியில் எழுதிய அந்தப் பலகையின் முன்னால் நின்று, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் அடித்தொண்டையிலிருந்து "றொசல்ல" என்று ஒரு கத்துக் கத்தினாள். தண்டவாளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். வெட்கத்தில் அவள் முகம் சுண்டிப்போயிற்று.

அவர்களுக்கு வாசிப்பு என்றாலே சத்தம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாய் மூடியிருந்தால் எழுத்தும் மூடிக்கொள்ளும். ரயிலில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்து கத்தவா முடியும்? மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடியில் கொஞ்சம் கொழுந்து கிள்ளி வந்து, கடைசிச் சாக்குப் பிள்ளைகளின் உதடுகளுக்கு நடுவில் ஆளுக்கு ஒன்றைச் செருகினேன். கொழுந்து அசையாமல், விழாமல் தாளில் இருப்பதை வாசிக்க வேண்டும். பிறகு கொழுந்தை எடுத்துவிட்டு நான் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அசையாதவர்களுக்கு ஒரு மிட்டாய்.

முதலில் எல்லார் கொழுந்தும் ஆட்டுக்குட்டி தழை தின்பதுபோல ஆடியது. சிரித்துச் சிரித்தே பாதி விழுந்தது. நாளாக ஆக ஆட்டம் குறைந்தது. அவள் கொழுந்துதான் முதலில் நின்றது. கண் மட்டும் வரியில் ஓடும், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. மிட்டாயை வாங்கித் தம்பி வாயில் போடுவாள்.

ஒரு நாள் பெரிய வாத்தியார் பதறிப்போய் வந்தார். "என்னங்க டீச்சர், எழவு வீடு மாதிரி இருக்கு?"

"படிக்கிறாங்க சார்" என்றேன்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. கண்டாக்கு ஐயா போகும் நேரத்தில் மட்டுமாவது சத்தம் வரட்டும் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு ஒத்துக்கொண்டேன். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எல்லாரும் கொழுந்தைத் துப்பிவிட்டு மூன்றாம் பாடத்தை முழங்குவார்கள்.

தீபாவளி முடிந்து அவள் போனாள். புதுப் பாவாடை, துணி மூட்டை, கூட்டிப் போக வந்த ஆள். நானும் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனேன். தம்பி அம்மாவின் இடுப்பில் கையைக் காலை உதைத்து அலறினான். ரயில் வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நாங்கள் பேசிக்கொண்டது.

அடுத்த தீபாவளிக்கு அவளை ஊருக்கு அனுப்பவில்லை. வீட்டுக்காரர்கள் நல்லவர்கள் என்று மட்டும் தகவல் வந்தது. அதற்கடுத்த வைகாசியில் நாட்டில் கலவரம் மூண்டது. கொழும்பில் தமிழர் வீடுகளை எரிக்கிறார்கள், ரயிலை நிறுத்தி ஆட்களை இறக்கி அடிக்கிறார்கள் என்று ஹட்டனிலிருந்து செய்தி வந்தது. தோட்டத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலும் சத்தம் செத்துப் போனது. கண்டாக்கு ஐயா போனபோதுகூட யாரும் முழங்கவில்லை, அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் அப்பா ஸ்டேஷனுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அம்மா வேலை விட்டு வரும்போது, முதுகில் கூடையோடு மழையில் என் அறை வாசலில் வந்து நிற்பார். பலகைகளில் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசுகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"டீச்சரம்மா, நம்ம ஸ்டேசன் போர்டுல தமிழ் இன்னும் இருக்குங்களா?"

இருக்கிறது, நேற்றுத்தான் பார்த்தேன் என்பேன். மறுநாளும் வந்து அதையே கேட்பார். அவர் போன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் தெரியும் வளைவுவரை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

கலவரம் தணியத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் அந்த அம்மா நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு பெரிய கவுனில், நெற்றியில் பொட்டில்லாமல் ஒரு பெண். எனக்கு அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது.

"முந்தாநேத்து மழையில நடந்து வந்து நின்னுச்சுங்க. வந்ததுலருந்து வாயே தொறக்கலைங்க டீச்சரம்மா. எங்கள பாக்குது, சாப்புடுது, பேச மாட்டேங்குது" என்றார் அம்மா. "ஊமையாக்கி அனுப்பிட்டாங்களோ என்னமோ."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கடைசிச் சாக்கை உதறி விரித்து, நடுவில் அந்தப் பழைய வாசிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்து, இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்தில் வரச் சொல்லி இடத்தைத் தட்டிக் காட்டினேன். அவள் என் பக்கத்தில் வரவில்லை. சாக்கைச் சுற்றிப் போய், சின்ன வயதிலிருந்து உட்கார்ந்த அந்த எதிர்ப்பக்கத்தில் காலை மடித்து உட்கார்ந்தாள். அம்மாவோடு வந்திருந்த தம்பி ஓடிப் போய் மடியில் ஏறிக்கொண்டான்.

நெடுநேரம் பக்கத்தையே பார்த்திருந்தாள். பிறகு உதடு பிரிந்தது. குரல் முதலில் காற்றாக வந்தது. இரண்டாம் வரியில் சத்தமானது. மூன்றாம் வரியில் அடித்தொண்டையிலிருந்து வந்தது. மண்டபத்தில் மற்றப் பிள்ளைகள் தங்கள் பாடத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் மனப்பாடமான பாடம் அது. ஒரு பிள்ளை அவளோடு சேர்ந்து சொல்லத் தொடங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு மண்டபம் முழுவதும். பெரிய வாத்தியார் பிரம்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவள் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அந்த வீட்டு எசமானியம்மா, சிங்கள நோனா, அவளைப் பத்து நாளுக்கு மேல் அலமாரி அறையில் ஒளித்து வைத்திருக்கிறார். ரயில் ஓடத் தொடங்கியதும் பொட்டை அழித்து, தன் மகளின் கவுனை உடுத்தி, ஊர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டிருக்கிறார். அவளுக்குக் கொஞ்சம் சிங்களம் வரும், ஆனால் பேசினால் யாரென்று தெரிந்துவிடும். வழியில் சிலர் ஏறி, பெட்டியில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பேச வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா, இது என் பிள்ளை, ஊமை என்று சொல்லிக் காப்பாற்றியிருக்கிறார். அந்த அம்மாவிடம்கூட, இது எந்த ஸ்டேஷன் என்று கேட்க அவளால் முடியவில்லை. அந்த அம்மா இறங்கிய பிறகு மலையில் மழையும் பனிமூட்டமும். எங்கே போகிறோம் என்று கேட்க யாரும் இல்லை.

"கொழுந்து இல்லைங்க டீச்சர். நோனா குடுத்த லேஞ்சிய ஒதட்டுல வச்சு இறுக்கிக்கிட்டேன்" என்றாள். லேஞ்சி என்றால் கைக்குட்டை. "எல்லா போர்டும் படிச்சேங்க. ஒரு எடத்துலயும் அசையலைங்க."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பரிசுக்குக் காத்திருந்த அந்தப் பழைய பார்வை. மிட்டாய் போத்தலைத் தேடி எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அவள் அதை வாங்கி, பாதியைக் கடித்துத் தம்பி வாயில் போட்டாள். மீதியைத் தானே தின்றாள்.